வழங்கப்பட்டது

நவநீதனின் மாத்திரைகள் வராமல் போன மாதத்தில்தான் அவனும் வசுமதியும் வெகுநாளைக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து வாய்விட்டுப் பேசினார்கள்.

ஈரோட்டில் சூரம்பட்டிப் பக்கம் இரண்டு அறைகள் கொண்ட வீடு. ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு நவநீதன் கடல் கடந்த ஏதோ ஒரு துறைமுகத்தின் கிரேனை இணையம் வழியாக ஓட்டுவான். அந்த ஊரை அவன் பார்த்ததில்லை. அங்கே பனி பெய்தால் இங்கே திரை மங்கும், அவ்வளவுதான். அடுத்த அறையில் வசுமதி எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ திரையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு சுவர். சாப்பாடு ஆகிவிட்டால் அவள் போனில் செய்தி அனுப்புவாள். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புவான்.

முன்பு அப்படி இல்லை. நவநீதனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவளே வசுமதிதான். அப்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு பல வருஷம் கழித்து, எதற்கோ தொடங்கிய ஒரு சண்டையில் அவள் கேட்டுவிட்டாள். "என் உடம்புலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். நீங்க எனக்கு என்ன குடுத்தீங்க?" அன்றைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வேலை அறைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

அவளுடைய சிறுநீரகம் அவன் உடம்புக்குள் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது வேற்றாள் உறுப்பு என்று அவன் உடம்பு கண்டுகொள்ளாமல் இருக்க, தினமும் இரண்டு வேளை மாத்திரை. அந்த மாத்திரையைத்தான் அந்த மாதம் காணவில்லை.

ஊரில் கடைகள் மூடி ரொம்ப நாளாகிவிட்டது. எல்லாவற்றையும் 'நிறைவு' என்ற இணைய நிறுவனம் மாதாமாதம் பெட்டியில் கொண்டுவந்து போடும். ஆரம்பத்தில் நாம்தான் வேண்டியதைச் சொல்லி வாங்கினோம். பிறகு அது, "இவையெல்லாம் போதுமா?" என்று கேட்கத் தொடங்கியது. அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டது. கேட்கத் தேவையிருக்கவில்லை. சளி பிடிப்பதற்கு முன்னால் கஷாயப் பொடி வந்தது. மூலை வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது அவளுக்கே உறைக்காதபோது கர்ப்பிணிகள் சாப்பிடும் சத்து மாத்திரை வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிச் சிரித்தது. வீட்டில் பேசுவது, திரையில் பார்ப்பது, தூங்குவது, புரண்டு படுப்பது என்று எல்லாமே இணையம் வழியாக அதற்குப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அதில் குறை இல்லை.

எதிர்வீட்டுக் கந்தப்பனுக்கு நேர்ந்த பிறகுதான் பயம் வந்தது. அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே அந்த வீட்டுப் பெட்டியில் சாமான் பாதியாகக் குறைந்தது. அவர் மனைவி தெருவில் நின்று 'நிறைவை'த் திட்டினாள். அடுத்த மாதம் கந்தப்பன் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பெட்டியைத் திறக்கும்போது எல்லோரும் முதலில் சாமான்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

வசுமதி பெட்டியைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். மாத்திரை இல்லை. சவரக் கத்தி இல்லை. சமையல் சாமான்கள் ஒரு ஆளுக்கு உள்ளது மட்டும்தான். அவள் எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, உங்க மாத்திரை தனியா எதாச்சும் வந்துச்சுங்களா?"

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவன் திரும்பினான். "இல்லையே. பெட்டியில பாரு."

"பாத்துட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் எழுந்து வந்தான். தரையில் பரவிக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒரு ஆளுக்கு வந்திருக்கு," என்றான். பிறகு, "உனக்கு வந்திருக்கு," என்றான்.

'நிறைவின்' உதவி எண்ணில் முதலில் இயந்திரக் குரல்தான் வந்தது. மனிதர் வேண்டும் என்று வசுமதி அழாத குறையாகக் கேட்டுக்கொண்டே இருந்ததில் கடைசியில் சதானந்தம் என்று ஒருவர் பேசினார். குரலைக் கேட்டால் நடு வயது. களைத்த குரல்.

"வழங்கப்பட்டதுன்னு காட்டுதுங்களே அம்மா."

"எங்கே வழங்கினீங்க? எங்க கைக்கு வரலைங்க."

"எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் தெரியும். எங்கே, எப்படிங்கறதெல்லாம் முன்னாடி தெரியும். இப்ப மறைச்சுட்டாங்க."

"ஏன்?"

"கணிப்பைச் சொல்லிட்டா ஆளுங்க மாறிடறாங்கம்மா. ஒருத்தருக்கு அடுத்த வருஷம் வேலை போகும்னு தெரிஞ்சா, அவர் இந்த வருஷமே விட்டுட்டுப் போயிடறார். அப்புறம் கணக்கு எல்லாம் கெட்டுப்போகுது. அதனால எங்களுக்கே காட்டறதில்லை."

வசுமதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவருக்கு இனிமே மருந்து தேவைப்படாதுன்னு அது நினைக்குதுங்களா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"நான் அப்படிச் சொல்லலைம்மா," என்றார் சதானந்தம். "புகார் பதிஞ்சுக்கறேன்." இணைப்பு அறுந்தது.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்த நாளிலிருந்து நவநீதனைப் பார்த்து வருபவர் டாக்டர் ஹசீனா. ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "இவருக்கு ஒண்ணுமில்லை. இன்னும் இருபது வருஷம் ஓடும்," என்று சொல்லிக்கொண்டே புதிதாகச் சீட்டு எழுதி அனுப்பினார். சீட்டு உடனே திரும்பி வந்தது. திரையில் அதே சொல். வழங்கப்பட்டது.

"இங்க ஆஸ்பத்திரியில இருக்கறதைக் குடுங்க டாக்டர்," என்றாள் வசுமதி.

"இங்க இருப்புன்னு ஒண்ணும் கிடையாதும்மா. ஒவ்வொரு மாத்திரைப் பட்டையும் ஒரு ஆளோட பேர்ல தயாராகி வருது. மீதம்னு எதுவும் இருக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடே. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை குடுக்காது. இவருக்குக் குடுத்தாச்சுன்னு அது நம்புது."

"பொய் சொல்லுது."

"பொய் சொல்லத் தெரியாது அதுக்கு," என்றார் டாக்டர். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். காலமான ஒரு நோயாளியின் வீட்டில் மிச்சமிருந்த பட்டைகளை வாங்கி, ஒரு கவரில் போட்டு, யாரும் பார்க்காதபோது வசுமதியின் பையில் திணித்தார். "பாதி பாதியாக் குடும்மா. அதுக்குள்ள சரியாயிடும்."

வீட்டுக்கு வந்த அன்றைக்கு நவநீதனின் வேலையிடத்திலிருந்தும் செய்தி வந்தது. இந்த முகவரியில் உங்கள் இணைப்பு மாத இறுதியோடு நிறைவடைகிறது, இதுவரை ஒத்துழைத்தமைக்கு நன்றி. அவன் அதை அவளிடம் காட்டினான்.

"அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றான்.

"என்ன தெரிஞ்சுபோச்சு? ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு." அவள் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். "எல்லாம் ஒரே சாக்கடைத் தண்ணி. ஒண்ணு சொன்னா இன்னொண்ணு ஆமான்னும்."

அன்று அவன் பாயை எடுத்துக்கொண்டு அவளுடைய அறைக்கு வந்தான். வரட்டுமா என்று கேட்கவில்லை. அவளும் நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவர்கள் செய்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். யோசனை வசுமதியுடையது. கணிப்பது அதன் வேலை என்றால், அது கணிக்கும்படி வாழ்ந்து காட்டுவோம் என்றாள். வரும் கோடைக்கு ராமேசுவரத்துக்கு ரயிலில் இரண்டு இடம் பதிவு செய்தார்கள். நவநீதன் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தான். தண்ணீரைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. கூடத்துச் சுவரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கருவியைப் பார்த்தபடி உரக்கப் பேசினார்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு அறுபதாங்கல்யாணம் எங்க வெச்சுக்கலாம்?"

"பவானியிலயே வெச்சுக்கலாம். சாப்பாடு மட்டும் நல்லா இருக்கோணும்."

"அப்ப நீங்க தொப்பை போட்டிருப்பீங்க."

"நீ மட்டும் என்ன, கம்பு மாதிரியா இருப்ப?"

நடிக்கத்தான் தொடங்கினார்கள். எங்கே நடிப்பு நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஒரு ஆளுக்கு வந்ததை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். மாத்திரையை அவன் பல்லால் கடித்து இரண்டாக்கி, மீதிப் பாதியை அவள் உள்ளங்கையில் வைப்பான். அவள் அதைத் துணியில் முடிந்து வைப்பாள். வேலை இல்லாததால் அவன் அவளுடைய வகுப்பு முடியும்வரை கதவருகே உட்கார்ந்து, ஏதோ ஒரு நாட்டுச் சிறுமிக்குப் பின்னங்கள் புரிய வைக்கும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான். "நீ இவ்வளவு பொறுமையாப் பேசுவியா?" என்று ஒருநாள் கேட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அடுத்த பெட்டியும் ஒரு ஆளுக்கே வந்தது. அதற்கடுத்ததும்.

முதலில் கணுக்கால் வீங்கியது. பிறகு முகம். அவன் உடம்பு அவளுடைய உறுப்பைக் கண்டுபிடித்துவிட்டது என்று டாக்டர் ஹசீனா சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் உட்கார வேண்டும். அதற்கும் இன்னாருக்கு இந்த வேளை என்று மாதங்களுக்கு முன்பே ஒதுக்கீடு ஆகியிருந்தது. நவநீதன் பெயர் எதிலும் இல்லை. யாராவது வராமல் போனால் அந்த இடைவெளியில் டாக்டர் அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். 'நிறைவு' யார் வருவார்கள் என்று சரியாகக் கணித்திருந்ததால், அப்படி வராமல் போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அப்படிக் கிடைத்த ஒரு பகலில், கையில் குழாய்களோடு சாய்ந்திருந்தபடி அவன் சொன்னான்.

"வசு, ஒண்ணு சொல்லோணும். திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் போயிடலாம்னுதான் இருந்தேன். இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. எங்கயாச்சும் மலைப்பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கிட்டு. வேலையை எங்கிருந்தாலும் பாக்கலாமில்ல."

அவள் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பக்கத்து ரூம்ல இருக்கறவர் பேசாம இருந்தா தெரியாதா? நானும் போனாப் போகட்டும்னுதான் இருந்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். "அந்த மாத்திரை ஒழுங்கா வந்திருந்தா இந்நேரம் நான் இங்க இல்லை. அப்படிப் பாத்தா நல்லதுதான்."

"வாயை மூடுங்க."

"போகலைன்னு சந்தோஷம்தான், வசு."

அடுத்த இடைவெளி கிடைப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. ஒரு காலை வேளையில், பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கூடத்துக் கருவி அவன் முனகலைக் கேட்டிருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் மட்டும் யாரும் சொல்லும் முன்பே தெருமுனையில் வந்து நின்றிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்தது. தெருக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். "முன்னாடியே காட்டிடுச்சு பாவம்," என்று கந்தப்பன் மனைவி வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அடுத்த மாதப் பெட்டி வந்தது. அதில் குறைக்க எதுவும் இருக்கவில்லை.

வகுப்புகளை அவள் தொடர்ந்து எடுத்தாள். பேசவேண்டியதைப் பேசினாள். கூடத்துக் கருவியின் மேல் மட்டும் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தை பாதி போனபோது ஒரு போன் வந்தது. மனிதக் குரல்.

"நவநீதன் சார் வீடுங்களா? வால்பாறையிலிருந்து பேசறேன். எஸ்தர் ராணி. இங்க 'நிறைவு' பெட்டகத்தைப் பாத்துக்கறேன். சாரோட அறை நிரம்பிடுச்சு, இனிமே வைக்க இடமில்லை. அவர் நம்பர் எடுக்கலை. வீட்டு நம்பர்னு இது இருந்துச்சு. அவர் எப்ப வர்றார்னு கேக்கலாம்னு..."

"எந்த அறை?" என்றாள் வசுமதி.

"சாமான் வைக்கற அறைங்க. ஐப்பசியிலிருந்து வந்துக்கிட்டே இருக்கே."

அவள் அன்றைக்கே பஸ் ஏறினாள். பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் பாதை முழுவதும் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு, ஏதோ பெயர்க் குழப்பமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

எஸ்தர் ராணி ஐம்பதைத் தொட்டவள். தலையில் கம்பளிக் குல்லா. விஷயத்தைக் கேட்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சாவியை எடுத்து வந்து சுவரில் இருந்த இரும்புக் கதவுகளில் ஒன்றைத் திறந்துவிட்டாள்.

உள்ளே மாதவாரியாக அடுக்கியிருந்தது. சவரக் கத்தி. கம்பளிச் சட்டை, அவனுடைய அளவு. ஒரு ஆளுக்கான சாமான்கள். ஒவ்வொரு கட்டின் மேலும், முதலில் கண்ணில் படும்படி, மாத்திரைப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் அவன் பெயர் அச்சிட்டிருந்தது.

வசுமதி ஒரு பட்டையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"இங்க எதுக்கு அனுப்புச்சு?"

"வீடு மாறப் போறவங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிடும்மா. வந்து இறங்குனதும் கஷ்டப்படக் கூடாதுன்னு. முக்கியமா மருந்து." எஸ்தர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார் ஐப்பசியில இங்க வர்றதாத்தான் அதுக்கு இருந்துச்சு. அவர் வேலைக்கான லைன்கூட இங்க மாத்தியாச்சு. வரலைன்னதும் அடுத்த மாசம் வருவார்னு வெச்சுச்சு. அப்புறம் அதுக்கடுத்த மாசம். அறை நிரம்பினாத்தான் எனக்கே தகவல் வரும்."

"அப்ப, அவர் சாவார்னு அது சொல்லவே இல்லையா?"

"ஐயோ, இல்லைம்மா. அவர் ரொம்ப நாள் இருப்பார்னுதான்..." எஸ்தர் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வசுமதி தரையிலேயே உட்கார்ந்தாள். மாத்திரை வராததால் அவன் அவளிடம் வந்தான். அவளிடம் வந்ததால் இங்கே இருந்த மாத்திரை அவன் கைக்குச் சேரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவ்வளவுதான் இருந்தது. அவன் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் அவளை விட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தால், இந்தக் கதவைத் திறந்து, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, இந்தக் குளிரில் எங்கேயோ நடந்துகொண்டிருப்பான்.

"ரூமையும் பாத்துட்டுப் போயிடுங்கம்மா," என்றாள் எஸ்தர், அவள் கொஞ்சம் தெளிந்த பிறகு. "அவர் பேர்ல 'நிறைவே' பிடிச்சு வெச்சிருக்கு. திரையில அடிக்கடி அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். காலி பண்ண நீங்கதான் சொல்லோணும்."

தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒற்றை அறை வீடு. வாசலில் மூன்று படி. கதவில் பூட்டு இல்லை. முகம் பார்த்துத் திறக்கும் வகை. "அவர் முகம் இருந்தாத்தான் திறக்கும். நான் ஆபீசுக்குச் சொல்லித் திறக்கச் சொல்றேன், கொஞ்சம் இருங்க," என்று எஸ்தர் போனை எடுத்தாள்.

வசுமதி படியேறி நின்றாள். கதவு மெதுவாகத் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு கட்டில், ஜன்னல், அதற்கு அப்பால் மூடுபனி.

"என் முகத்துக்கு எப்படித் திறந்துச்சு?" என்றாள் வசுமதி. "அவர் செத்த பின்னாடி சேத்திருக்குமா?"

எஸ்தர் போனில் எதையோ தேடினாள். தேடி முடித்தபிறகும் உடனே தலை நிமிரவில்லை.

"இல்லைம்மா. அவர் முகத்தைச் சேர்த்த அதே நாள்லதான் உங்களுதையும் சேர்த்திருக்கு. பின்னாடியே நீங்களும் வருவீங்கன்னு..." அவள் முடிக்கவில்லை. "டீ வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனாள்.

வசுமதி உள்ளே போகவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டியபடி படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கதவு தானே மூடிக்கொண்டது. அவளால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தபோதெல்லாம் அது திறந்தது.